கணினி கீறிய படங்களும் காணாமற்போன மச்சானும்

1

நான் வாழும் லெஸ்டர் நகரில், எங்கள் பகுதி நூலகத்தில், மாதம் ஒருமுறை பழைய திரைப்படங்களைப் பற்றிப் பேசும் சிறு கூட்டம் நடக்கிறது. இந்த மாதம் என்னைப் பேசச் சொன்னார்கள். தலைப்பை நானே கொடுத்தேன்: விஞ்ஞானக் கற்பனைப் படங்களுக்குள் கணினிப் படம் நுழைந்த காலம், 1973 முதல் 1993 வரை. பதினொரு பேர் வந்தார்கள். அவர்களில் இருவர் மழைக்கு ஒதுங்கியவர்கள் என்பது என் சந்தேகம்.

பாடசாலை ஆய்வுகூடத்தில் குடுவை கழுவி, அமிலப் போத்தல்களில் திகதி ஒட்டும் ஒருவனுக்கு இந்த வேலை எதற்கு என்று ஊரில் இருப்பவர்கள் கேட்கக்கூடும். என் மனைவியும் அதைத்தான் கேட்கிறாள். எனக்கு ஏமாறப் பிடிக்காது, அவ்வளவுதான். ஒரு காட்சியைப் பார்த்து "இது கணினி கீறியது" என்று யாராவது சொன்னால், எந்த ஆண்டு, எந்த இயந்திரத்தில், எவர் கீறி வரைந்தார் என்று தேடிப் பார்க்காமல் எனக்குச் சோறு இறங்காது. தேடினால் பல சமயம் அந்தப் பேச்சு பொய்யாக இருக்கும்.

கூட்டத்தில் சொன்னதும் இதைத்தான். 1981இல் வந்த ஒரு படத்தில், பறக்கும் ஒருவனின் முன்னால் உள்ள சிறு திரையில் ஒரு மாநகரம் கோடுகளால் ஆன கட்டடங்களாக விரியும். பார்த்தவர்கள் கணினியின் அதிசயம் என்றார்கள். உண்மையில் கணினியில் கீறுவதற்கான செலவு அன்று அவர்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. மாதிரிக் கட்டடங்களுக்குக் கறுப்பு அடித்து, விளிம்புகளில் ஒளிரும் நாடா ஒட்டிப் படம் பிடித்தார்கள். அடுத்த ஆண்டு வந்த வேறொரு படத்தின் கதை கணினிக்கு உள்ளேயே நடக்கிறது. அதிலும் கணினி கீறிய பகுதி சொற்பம். மிச்ச வெளிச்சத்தில் பெரும்பங்கு, ஆட்கள் உட்கார்ந்து ஒவ்வொரு சட்டகமாகக் கைவேலையாகச் செய்தது. கணினியைப் பயன்படுத்தியது கள்ள வேலை என்று கருதித்தான் தனக்கு விருது தரவில்லை என்று அதை எடுத்தவர் பின்னாளில் சொல்லிவந்தார். கையால் செய்ததைக் கணினி என்று மெச்சியவர்கள், கணினி செய்ததைக் கள்ளம் என்று ஒதுக்கியிருக்கிறார்கள்.

முன்வரிசையில் இருந்த ஒரு வயதான பெண் கேட்டார்: "இப்போது வருபவற்றில் எது உண்மை, எது பொய் என்று எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்?"

"எனக்கு 1993 வரைதான் தெரியும்" என்றேன். சிரித்தார்கள். நான் பகிடியாகச் சொல்லவில்லை.

வெளியே வந்து கைத்தொலைபேசியைத் திறந்தால், எங்கள் ஊர் தில்லையடியிலிருந்து என் தங்கை பரீதா ஒரு சிறு காணொளியை அனுப்பியிருந்தாள். கீழே அவளுடைய குரல். அண்ணனை நாங்கள் நானா என்போம்.

"நானா, இது கம்பியூட்டர் எண்டு எல்லாருக்கும் சொல்லுங்க. உங்கட வாயால சொன்னாத்தான் கேப்பாங்க. கெதியாச் சொல்லுங்க."

2

காணொளி ஒன்பது விநாடி. ஏதோ ஒரு கரையில் மீன் சந்தை. ஈரமான சீமெந்துத் தரை, உடைந்த ஐஸ், மீன் செதில்கள். ஒரு மனிதர் குனிந்து நீலப் பெட்டி ஒன்றைத் தோளில் ஏற்றுகிறார். நிமிரும்போது கமராவைப் பார்க்கிறார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு கூட்டத்துக்குள் போய்விடுகிறார்.

அந்த முகம் றபீக்கின் முகம். அல்லது றபீக்கைப் போன்ற ஒருவரின் முகம்.

றபீக் பரீதாவின் கணவர், என் மச்சான். 2013இல் சிலாபத்திலிருந்து ஒரு பலநாள் படகில் மீன்பிடிக்கப் போனவர் திரும்பவில்லை. படகும் கிடைக்கவில்லை. கூடப் போன சிங்கள ஆட்கள் மூவரும் வரவில்லை. கடற்படை தேடியது, பிறகு விட்டுவிட்டது. சில வருடங்கள் காத்திருந்து, பள்ளிவாசலில் பேசி முடிவெடுத்து, மையித், அதாவது உடல், இல்லாமலே ஜனாஸாத் தொழுகை நடத்தினார்கள். பரீதா அதன் பிறகு இத்தா இருந்தாள். கணவனை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள் இருக்கும் இருப்பு அது. அதை முடித்து வெளியே வந்த நாளிலிருந்து அவள் விதவை. ஊரும் அப்படித்தான் நடத்தியது, அவளும் அப்படித்தான் நடந்தாள்.

அவர்களுக்கு ஒரே மகள், ஸஹ்ரா. பாலர் பாடசாலை ஆசிரியை. அவளுக்கு அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ். மாப்பிள்ளை நுரைச்சோலை அனல்மின் நிலையத்தில் வேலை செய்கிறார். அழைப்பிதழ் அச்சடித்துக் கொடுத்தாயிற்று. எங்கள் நிக்காஹ்வில் பெண்ணுக்காகப் பொறுப்பேற்று மாப்பிள்ளையின் கையைப் பிடித்து ஒப்புக்கொடுப்பவர் வலி. தகப்பன் இருந்தால் தகப்பன்தான் வலி. தகப்பன் இறந்துவிட்டால் அவருடைய பக்கத்து ஆண்களுக்குப் போகும். நான் தாய்மாமன், அந்த வரிசையில் எனக்கு இடமில்லை. றபீக்கின் தம்பி ஹனீபாதான் வலியாக நிற்பதாக இருந்தது.

அந்தக் காணொளி எங்கிருந்தோ சுற்றிச் சிலாபத்து மீன் முதலாளி ஒருவரின் கையில் விழுந்திருக்கிறது. "இது தில்லையடி றபீக் இல்லையா" என்று அவர் அனுப்ப, அன்று மாலைக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது.

நான் ஹனீபாவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"மச்சான், நான் என்ன செய்யட்டும் சொல்லுங்க" என்றான் ஸலாம்கூடச் சொல்லாமல். "எங்கட காக்கா மௌத் எண்டுதான் நான் கை குடுக்க ஒப்புக்கொண்டது. அவர் ஹயாத்தோட இருந்தா அந்த நிக்காஹ் என்னாகும்? நாளைக்கு அந்தப் புள்ளைக்கொரு புள்ள பிறந்தா, ஊரு என்ன கதைக்கும்?"

"அது அவர்தான் எண்டு ஆர் சொன்னது?"

"முகத்தப் பாருங்களேன்!"

"முகத்தை இண்டைக்கு எந்தப் பொடியனும் செய்வான்."

"அப்ப செய்தது எண்டு சொல்லுங்க. நீங்க சொன்னா நான் நிப்பன். மாப்பிள்ளைட உம்மாவும் அதத்தான் கேக்கிறா. விஷயம் தெளிவாகட்டும், அதுக்குப் பிறகு பாப்பம் எண்டு சொல்லி அனுப்பிட்டா. தெளிவாகிறது எப்ப? கியாமத்து நாளைக்கா?"

இப்படித்தான் ஒரு கலியாணம் நடப்பதா, நிற்பதா என்ற கேள்வி, குடுவை கழுவுகிற என் தலையில் வந்து விழுந்தது.

3

ஊரில் எனக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும்.

1984 அல்லது 85. ஹஜ்ஜுப் பெருநாள். எங்கள் தெருவில் வீடியோ டெக்கும் கலர் டீவியும் வாடகைக்கு எடுத்துப் படம் போட்டோம். பகல் வேளை என்பதால் யன்னல்களில் பாயைக் கட்டி இருட்டாக்கினோம். எல்லோரும் கேட்டது சண்டைப் படம். கடைக்காரர் தவறிக் கொடுத்தது கணினிக்குள் நடக்கும் அந்த 1982ஆம் ஆண்டுப் படம். வந்தவர்களில் பலர் கால் மணி நேரத்தில் எழுந்து போய்விட்டார்கள். கடைசிவரை இருந்தவர்கள் நானும் றபீக்கும்தான். அப்போது அவன் என் மச்சான் இல்லை, அடுத்த வீட்டுக்காரன்.

ஒளியால் ஆன வண்டிகள் நேர் கோட்டில் ஓடிச் சட்டெனச் செங்கோணத்தில் திரும்பின. பின்னால் ஒரு சுவர் எழுந்துகொண்டே வந்தது. நான் அதுவரை அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. உடனே எனக்குச் சந்தேகம் வந்தது.

"இது கள்ளம்" என்றேன். "பொம்மையை வெச்சு எடுத்திருக்கிறான்."

"கம்பியூட்டர் எண்டு பெட்டியில போட்டிருக்கு" என்றான் றபீக்.

"பெட்டியில என்னத்தையும் போடுவான்."

"சரி, கம்பியூட்டர் தானா உட்கார்ந்து கீறுமா? ஆரோ ஒருத்தன் சொல்லித்தானே கீறியிருக்கும். அந்த ஆள் மெய்தானே? அவன்ட வேலை மெய்தானே? நீ எதுக்கு அழுறாய்?"

"நான் அழல்ல. கேக்கிறன்."

"கேட்டுக் கேட்டே நீ படத்த விட்டுட்டாய். இப்ப அந்த வண்டி வெடிச்சிட்டுது, பார்த்தியா?"

நான் பார்க்கவில்லை. அதை மறுபடி சுற்றிப் போட அவன் விடவில்லை. அவன் எதையும் மறுபடி சுற்றிப் பார்க்கிறவன் அல்ல.

அந்தச் சண்டையிலிருந்துதான் நான் குறிப்பெடுக்கத் தொடங்கினேன். கொழும்பில் பழைய சஞ்சிகைகள் வாங்கினேன். இங்கே வந்த பிறகு நூலகங்கள் கிடைத்தன. அந்த வண்டிகள் மெய்யாகவே கணினி கீறியவை என்று உறுதியானபோது றபீக்குக்கு எழுதினேன். பதிலில் என் சுகத்தைக் கேட்டிருந்தான், படத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆனால் ஊரில் எந்தப் படத்தில் விண்கலம் பறந்தாலும், "நானாட்ட கேளுங்க, அவருக்குத் தெரியும் எது கம்பியூட்டர் எண்டு" என்று சொல்லி வைத்தவன் அவன்தான். பரீதாவை மணந்த பிறகும் அதையே சொல்லித் திரிந்தான்.

4

அந்தக் காலத்துப் படங்களுக்கு என்னிடம் ஒரு அளவுகோல் உண்டு. அழுக்கு.

1976இல் ஒரு படத்தில், திரைக்குள் திரையாக, ஒரு கை சுழன்று விரல்களை மடக்கும். அது சில வருடங்களுக்கு முன் ஒரு மாணவர் தன் கையையே அச்சில் வார்த்து, அதன்மேல் கோடுகள் கீறி, ஒவ்வொரு புள்ளியாக அளந்து கணினிக்குள் ஏற்றியது. மெய்யான கைதான். ஆனால் திரையில் வந்தபோது நகத்தில் அழுக்கில்லை, தோலில் வடு இல்லை. 1984இல் ஒரு படத்தின் விண்கலங்கள் எல்லாவற்றையும் கணினியில் செய்தார்கள். அவை அப்போதுதான் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் சாமான் போலப் பளபளத்தன. கணினிக்குத் தேய்மானம் தெரியாது. அதனால்தான் கெட்டிக்காரர்கள் அழுக்கே படாத பொருளைத் தேர்ந்தெடுத்தார்கள். 1989இல் நீர், 1991இல் உருகிய உலோகம். அவை நம்பும்படி இருந்ததற்கு அதுவே காரணம் என்பது என் முடிவு.

இந்த அளவுகோலோடு அந்த ஒன்பது விநாடியை எடுத்துக்கொண்டு மேசையில் உட்கார்ந்தேன். அழுக்குக்குக் குறைவே இல்லை. பெட்டியின் ஒரு மூலை உடைந்து கம்பியால் கட்டப்பட்டிருந்தது. அவருடைய சேட்டின் தோள்பக்கம் பெட்டி உரசி உரசி வெளுத்திருந்தது. என் அளவுகோலின்படி இது மெய். ஆனால் இன்றைய இயந்திரங்கள் அழுக்கை நன்றாகவே செய்கின்றன என்று பத்திரிகைகளில் படிக்கிறேன். ஆக, என் அளவுகோல் உடைந்து வருடக்கணக்காகிறது. அதை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளையின் கலியாணத்தை அளப்பதா?

முகத்தை இயந்திரத்தால் ஒப்பிடலாம் என்று சிலர் சொல்வார்கள். அதிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. போன வருடம் ஊருக்குப் போய்த் திரும்பியபோது, விமான நிலையத்தின் தானியங்கிக் கதவு என் கடவுச்சீட்டையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, திறக்க மறுத்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றச் சொன்னது. தொப்பியைக் கழற்றச் சொன்னது. இரண்டும் ஆன பிறகும் இது நான் இல்லை என்றது. அதிகாரியிடம் அனுப்பினார்கள். அந்த இளம்பெண் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பிறந்த திகதி கேட்டாள், சொன்னேன், முத்திரை குத்தாமலே போகச் சொன்னாள். இத்தனை வருடம் வரி கட்டிய நாட்டின் கதவுக்கு என் முகம் தெரியவில்லை. அப்படிப்பட்ட இயந்திரத்துக்கு றபீக்கின் முகமா தெரியப்போகிறது?

5

மகன் இர்ஷாத்திடம் கேட்டேன். அவன் இங்கே பிறந்தவன், வேறு நகரத்தில் வேலை, கணினி விளையாட்டுகளைச் சோதிக்கும் உத்தியோகம். மாதம் ஒரு சனிக்கிழமை வருவான். அந்தச் சனிக்கிழமை வரவேண்டிய முறை இல்லை, இருந்தும் வந்தான்.

காணொளியைப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "மாமா செத்ததா, இல்லையா?"

"அப்படிச் சொல்லாதே. மௌத்தானவரா எண்டு கேள்."

"ரெண்டும் ஒண்டுதானே வாப்பா."

ஒன்றுதான். ஆனால் அந்தச் சொல்லை அவன் வாயில் கேட்டபோது, தெருவில் அடிபட்டுக் கிடக்கும் பூனையைப் பற்றி விசாரிப்பது போலிருந்தது. அவனுடைய தமிழில் மனிதருக்கும் பூனைக்கும் ஒரே சொல்தான் இருக்கிறது. அதற்கு நான் யாரைக் குறை சொல்வது? வீட்டில் தமிழ் பேசு என்று சட்டம் போட்டவனும் நான், படத்தைப் பற்றிப் பேசும்போது அவனோடு ஆங்கிலத்துக்குத் தாவியவனும் நான்.

"பார்த்துச் சொல்லேலாது" என்றான். "இப்ப ஒருத்தராலும் பார்த்துச் சொல்லேலாது. பார்க்கிறத விடுங்க. எப்ப வந்தது எண்டு தேடுவம்."

திகதி. அதை நான் அல்லவா முதலில் கேட்டிருக்க வேண்டும்!

அவன் காணொளியிலிருந்து சில சட்டகங்களை எடுத்து இணையத்தில் தேடினான். நான் தேநீர் ஊற்றி வைத்தேன், அது ஆறியது, இன்னொன்று ஊற்றினேன். கடைசியில் கிடைத்தது. யாரோ ஒரு பயணி, கமராவைக் கையில் பிடித்தபடி ஒரு மீன் சந்தையைச் சுற்றி நடந்து எடுத்த நீண்ட படம். ஊரின் பெயர் இல்லை. பேச்சும் இல்லை, பின்னணியில் பாட்டை ஏற்றி உண்மையான சத்தத்தை அழித்துவிட்டார். அதன் நடுவில் அந்த ஒன்பது விநாடி அப்படியே இருந்தது. எவரோ வெட்டி எடுத்து உலவ விட்டிருக்கிறார்கள்.

ஏற்றிய வருடம் 2018.

அந்தத் திகதியையும் நான் நம்பவில்லை. கீழே மூன்று பேர் கருத்து எழுதியிருந்தார்கள். மூன்றும் அதே வருடம். முகத்தை மாற்றி ஒட்டும் தந்திரம் அப்போதே தொடங்கிவிட்டது என்று எனக்குத் தெரியும். ஆனால் பெயர் தெரியாத ஒரு மீன் தூக்குபவருக்காக யார் அந்தப் பாடு பட்டிருப்பார்? அப்படி ஒரு சந்தையை முழுதாகப் படைக்கும் இயந்திரம் அன்று எவரிடமும் இல்லை.

ஆகவே இது கணினி கீறியது அல்ல. அந்தக் கரை மெய், அந்தப் பெட்டி மெய், அந்த மனிதர் மெய். அவர் யார் என்பது மட்டும் தெரியாது.

"நல்ல செய்தி தானே?" என்று கேட்டான் இர்ஷாத். "மாமா உயிரோட இருக்கலாம்."

நான் ஆறிய தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினேன்.

6

பரீதாவுக்கு எடுத்தபோது அவள் சமையலறையில் இருந்தாள். பாத்திரச் சத்தம் கேட்டது.

"சொன்னீங்களா நானா, ஹனீபாட்ட?"

"இன்னும் இல்ல. முதல்ல உனக்குச் சொல்லவேணும். அது கம்பியூட்டர் இல்லை."

பாத்திரச் சத்தம் நின்றது.

"ஏழு வருஷத்துக்கு முந்தி எடுத்த படம். மெய்யான படம். ஆனா அது அவர்தான் எண்டு நான் சொல்லல்ல. அவரைப் போல ஆரோ ஒருத்தராவும் இருக்கலாம்."

"நான் உங்களிட்ட என்ன கேட்டன்?" அவள் குரல் மிகவும் மெதுவாக இருந்தது. "மெய்யா பொய்யா எண்டு கேட்டனா? கம்பியூட்டர் எண்டு சொல்லுங்க எண்டுதானே கேட்டன். சின்னதிலயிருந்து எதைக் கண்டாலும் கள்ளம் கள்ளம் எண்டுதானே சொல்லுவீங்க. இந்த ஒரு தரம் சொன்னா என்ன?"

"சொல்லலாம். ஆனா…"

"நானா, கேளுங்க. கடல் எடுத்துட்டுது எண்டா எனக்கு ஒரு கணக்கு முடிஞ்சிது. நான் அழுது முடிச்சன், இத்தா இருந்து முடிச்சன். அவர் எங்கேயோ கரைக்கு ஏறி, சேட்டும் போட்டுக்கொண்டு, பெட்டி தூக்கிக்கொண்டு நிக்கிறார் எண்டா? ஒரு போன் எடுக்க அவருக்குக் கையில்லையா? இந்த வீட்டு நம்பர் மாறல்லயே. நான் மாத்தவே இல்லை. ஏன் மாத்தல்ல எண்டு உங்களுக்குத் தெரியுந்தானே?"

தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"அவர் மௌத் எண்டா நான் விதவை. அவர் ஹயாத்து எண்டா நான் ஆர்? அதுக்கு ஒரு பேர் இருந்தாச் சொல்லுங்க."

எப்போதும் சந்தேகப்படுகிறவன் என்ற முறையில், அவளுக்கு மற்றச் சாத்தியங்களைச் சொல்லலாம் என்று நினைத்தேன்: ஞாபகம் தப்பியிருக்கலாம், எங்காவது சிறையில் இருந்திருக்கலாம், முகம் மட்டும் ஒத்திருக்கலாம். ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். சொல்லச் சொல்ல எனக்கே ஒரு விஷயம் உறைத்தது. இவற்றில் எதையும் அவள் யோசிக்காமல் இருந்திருக்க மாட்டாள். காணொளி வந்த மணி நேரத்திலேயே எல்லாவற்றையும் யோசித்து முடித்துவிட்டுத்தான் என்னிடம் வந்திருக்கிறாள்.

அப்போது ஸஹ்ரா தொலைபேசியை வாங்கினாள். பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"மாமா, நீங்க பொய் சொல்லத் தேவையில்ல. ஹனீபா சாச்சாவும் நிக்கத் தேவையில்ல. நான் நாளைக்குக் காழியாரிட்டப் போறன்."

"போய்?"

"வாப்பா இருக்கிறாரா இல்லையா எண்டு தெரியாது எண்டு சொல்லப் போறன். அதுதானே மெய். தகப்பன் எங்கே எண்டு தெரியாத புள்ளைக்குக் காழியாரே உத்தரவு குடுத்து, வலி இடத்தில நிக்கலாமாம். நான் கேட்டு வெச்சிட்டன்."

"எப்ப கேட்டாய்?"

"நீங்க ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கக்குள்ள" என்றாள். பின்னால் பரீதா ஏதோ அதட்டினாள். "சரி சரி, மாமாக்குக் கோவம் வராது உம்மா."

எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் அந்த வழிக்கு யார் விலை கொடுப்பார் என்பது எனக்கு உடனே தெரிந்தது. மகள் தகப்பனை "தெரியாதவர்" என்று எழுதிக் கொடுத்தால், தாயின் விதவை நிலையும் அதோடு ஆட்டம் காணும். அவள் இருந்து முடித்த இத்தாவையே இனி ஊர் கேள்வி கேட்கும்.

அதை நான் சொல்ல வாயெடுத்தேன். தொலைபேசியின் அந்தப் பக்கத்திலிருந்து, சற்றுத் தள்ளி, பரீதாவின் குரல் வந்தது: "நானும் அதில கையெழுத்து வெக்கிறன். நானாக்குச் சொல்லு."

7

எங்கள் கலியாண வழக்குகளைத் தீர்க்கும் காழியாரின் அறையில் நடந்ததை ஸஹ்ரா அடுத்த நாள் எனக்குச் சொன்னாள்.

"படத்தைக் காட்டு மகள் எண்டார். மூக்குக் கண்ணாடியத் தேடினார், அது அவர்ட நெத்தியில இருந்துது. நாலு தரம் பார்த்தார். உன்ட மாமா என்ன சொல்றார் எண்டு கேட்டார். மாமா தெரியாது எண்டு சொல்றார் எண்டன். அப்ப அந்த மனிசன் நேர்மையானவர் எண்டார்."

"என்னைத் தெரியுமா அவருக்கு?"

"தெரியாதாம். பிறகு கேட்டார், மகள், நீ என்ன நினைக்கிறாய், இது உன்ட வாப்பாவா?"

"என்ன சொன்னாய்?"

"எனக்கு வாப்பாட முகம் போட்டோவில இருந்துதான் ஞாபகம் மாமா. நடை மறந்து போச்சு. இந்த ஆள் நடந்து போறார், நான் பார்த்துக்கொண்டே இருக்கிறன், எனக்கு ஒண்டுமே தோணல்ல. அதைத்தான் சொன்னன். உம்மா வெளியில எழும்பிப் போயிட்டா."

உத்தரவு கிடைத்தது. மாப்பிள்ளை வீட்டாருக்கு அந்தக் கடதாசியைக் காட்டியதும் அடங்கிவிட்டார்கள். மாப்பிள்ளை தன் தாயிடம், "தெரியாது எண்டு சொல்ற குடும்பம் பொய் சொல்ற குடும்பம் இல்லை உம்மா" என்றானாம். அவனை நான் நேரில் பார்த்ததில்லை. அந்த ஒரு வசனத்துக்காக அவனைப் பற்றிய என் சந்தேகங்களைத் தற்காலிகமாக ஒத்தி வைத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ்வைத் தொலைபேசியில் பார்த்தோம். இங்கே காலை நேரம். இர்ஷாத்தும் அவனுடைய நகரத்திலிருந்து இணைந்திருந்தான். பள்ளிவாசலில் ஆட்கள் நெருக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். இணைப்புச் சரியில்லை. மாப்பிள்ளையின் முகம் சதுரம் சதுரமாக உடைந்து, நின்று, மறுபடி சேர்ந்தது. 1973இல் இயந்திர மனிதனின் கண்ணால் உலகத்தை இப்படித்தான் காட்டினார்கள் என்று சொல்ல வந்து அடக்கிக்கொண்டேன். கையைப் பிடித்த நேரத்தில் படம் முற்றாக உறைந்துவிட்டது. குரல் மட்டும் வந்தது. வலி இடத்தில் ஹனீபா இல்லை, அது காழியாரின் குரல். அவன் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்ததைப் படம் மீண்டும் வந்தபோது பார்த்தேன்.

பெண்ணின் பெயரையும் தகப்பன் பெயரையும் வாசித்தபோது, இறந்தவர்களுக்குச் சேர்க்கும் "மர்ஹூம்" என்ற சொல்லை றபீக்கின் பெயருக்கு முன்னால் சேர்க்கவில்லை. அழைப்பிதழில் அச்சடித்திருந்தது. இங்கே சொல்லவில்லை. பெண்கள் பக்கத்தில் இருந்த பரீதாவை எனக்குக் காண முடியவில்லை.

8

மூன்றாம் நாள் பரீதாவே தொலைபேசி எடுத்தாள். ஸஹ்ரா மாப்பிள்ளை வீட்டு விருந்துக்கு நுரைச்சோலைக்குப் போயிருந்தாள்.

"வீடு அமைதியா இருக்கு நானா" என்றாள். "ஆறேழு பேர் வந்து கேட்டுட்டாங்க, நீ இப்ப இத்தாவுக்கு முந்தியா பிந்தியா எண்டு. ஒருத்திக்குச் சொன்னன், நான் இடையில எண்டு."

சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

"அந்த முழுப் படத்தையும் அனுப்பினீங்கதானே. பார்த்தன். அவர் வாற இடம் அது மட்டுந்தான். மத்ததெல்லாம் மீன்."

"ஓம்."

"எடுத்த ஆளுக்கு எழுதுங்க. எந்தக் கரை, எந்த மாசம் எண்டு கேளுங்க."

"பரீதா, நீதானே அது பொய்யா இருக்கட்டும் எண்டு…"

"அது மகளுக்காக. மகள்ட காரியம் முடிஞ்சிது. இனி என்ட காரியம். அவர்தான் எண்டா எனக்கு அவர்ட்ட ஒண்டு கேக்கவேணும். அவர் இல்லை எண்டா, அதையும் எனக்குத் தெரியவேணும். இடையில இருக்கேலாது நானா."

அன்றே உட்கார்ந்து அந்தப் பயணிக்கு எழுதினேன். ஐயா அல்லது அம்மணி, நீங்கள் 2018இல் ஏற்றிய படத்தில் ஒரு மனிதர் வருகிறார், அவர் என் தங்கையின் கணவராக இருக்கலாம். எழுதி முடித்து வாசித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. காணாமற்போன உறவினர், கடல், தங்கை, அவசரம். இப்படி ஒரு கடிதம் எனக்கு வந்திருந்தால் இரண்டாம் வரியிலேயே மோசடி என்று அழித்திருப்பேன். அழித்ததை நூலகக் கூட்டத்தில் பெருமையாகச் சொல்லவும் செய்திருப்பேன்.

இர்ஷாத் காணொளி அழைப்பில் வந்தான். "எழுத்தை ஒருத்தரும் நம்பமாட்டாங்க வாப்பா. முகத்தைக் காட்டிப் பேசுங்க. நான் இங்கயிருந்து பதிவு செய்றன்."

யன்னல் பக்கம் கதிரையைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன். சட்டைப் பொத்தானைச் சரிசெய்தேன். என் பெயர், ஊர், றபீக் கடலுக்குப் போன வருடம், படம் ஏற்றப்பட்ட வருடம், எல்லாவற்றையும் வரிசையாக, பிழையில்லாமல், நல்ல ஆங்கிலத்தில் சொன்னேன்.

இர்ஷாத் தலையை ஆட்டினான். "கொஞ்சம் அசையுங்க. கம்பியூட்டர் செய்த ஆள் மாதிரி இருக்கிறீங்க."

மறுபடி தொடங்கினேன். இந்த முறை வருடங்களைச் சொல்லவில்லை. என் தங்கையின் பெயர் பரீதா என்றேன். அவள் தொலைபேசி இலக்கத்தை இன்னும் மாற்றவில்லை என்று சொல்ல வந்தபோது ஆங்கிலம் போய்விட்டது. தமிழில் இரண்டு சொல் வந்தது, பிறகு அதுவும் நின்றுவிட்டது. கையால் முகத்தை மூடிக்கொண்டேன்.

"அழிச்சிடு" என்றேன். "திரும்ப ஒழுங்காச் சொல்றன்."

"வேணாம் வாப்பா" என்றான். "இதுதான் போகவேணும்."

அனுப்பிவிட்டான்.